விமான ரேடியோ: அலைவரிசை வைப்பது முதல் பதில் வாங்குவது வரை – முழுமையான வழிகாட்டி

ரேடியோவை முதன்முதலாகக் கையாள வருகிறவர்களுக்குப் பயமெல்லாம் பேச்சைப் பற்றித்தான். என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, நாக்குக் குழறினால் என்ன ஆகும் என்றே யோசிப்பார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வேறொன்று தெரியும். தடுமாற்றம் பெரும்பாலும் விரல்களில்தான். ஒலியளவு பூஜ்யத்தில் கிடக்கும், மைக் வேறு ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும், எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். வாயைத் திறக்குமுன்பே காரியம் கெட்டிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி கைவேலையின் வரிசைக்கு அதிக இடம் தருகிறது. இரண்டு தகவல்தொடர்பு ரேடியோக்களும் ஓர் ஆடியோ பேனலும் கொண்ட சிறிய விமானத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பெரிய திரைகள் உள்ள காக்பிட்டிலும் அடிப்படை இதுவே. குமிழ்கள் இருக்கும் இடம் மட்டும் மாறும். உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி. ஒலிபரப்ப உரிமமோ பயிற்றுநரின் மேற்பார்வையோ வேண்டும். சிமுலேட்டரில் பழக இரண்டும் வேண்டாம்.

1. தாளில் தொடங்குங்கள்

விமானத்தில் ஏறுமுன் அன்றைக்குத் தேவைப்படும் அலைவரிசைகளை, பயன்படப்போகும் வரிசையிலேயே, மேலிருந்து கீழாக எழுதிக்கொள்ளுங்கள். வானிலையையும் ஓடுபாதையையும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஏடிஐஎஸ், தரைக் கட்டுப்பாடு, டவர், புறப்பாடு, வழியில் வரும் பிரிவுகள், பிறகு சேருமிடத்தை நெருங்கும்போது பேசவேண்டிய அணுகுக் கட்டுப்பாடு (அப்ரோச்), டவர், தரை. அகர வரிசையிலோ வரைபடத்தில் கண்ணில் பட்ட வரிசையிலோ எழுதினால், பறக்கும்போது தாளில் தேடவேண்டி வரும். தேடும் அந்த நேரத்தில் விமானம் தன்பாட்டுக்குச் சாயும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் வலப்பக்கத்தில் ஒரு காலி இடம் விடுங்கள். கட்டுப்பாட்டாளர் நீங்கள் எதிர்பார்த்ததற்கு வேறான அலைவரிசையைத் தருவது தினசரி நடப்பது. அதை எழுத இடம் இருந்தால்தான் எழுதுவீர்கள்.

எண்களை நடப்பு வெளியீட்டிலிருந்து எடுங்கள். உலகம் முழுவதும் விமானத் தகவல் வெளியீடுகள் 28 நாள் சுழற்சியில் புதுப்பிக்கப்படுகின்றன. போன பருவத்து வரைபடத்தில் இருக்கும் எண் இன்றும் அதே எண்ணாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

எல்லை இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். பேசும் அலைவரிசைகள் 118 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 137-க்குச் சற்றுக் கீழே முடியும். 108 முதல் 117.95 வரை வழிகாட்டுக் கருவிகளுக்கு உரியது. யாராவது பேசச் சொல்லி 112 என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்ததாக உங்கள் காதில் விழுந்தால், தவறாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று உடனே தெரியும்.

2. ஹெட்செட்டும் மைக்கும்

சிறிய விமானங்களின் ஹெட்செட்டில் பொதுவாக இரண்டு பிளக்குகள் இருக்கும். சற்றுத் தடித்தது காதுக்கு, சற்று மெலிந்தது மைக்குக்கு. இரண்டையும் அடிவரை தள்ளுங்கள். மெலிந்த பிளக் பாதி மட்டும் உள்ளே போயிருந்தால் உங்களுக்கு எல்லாம் கேட்கும், உங்கள் குரல் மட்டும் யாருக்கும் போகாது. புதியவர் உடனே ரேடியோ பழுது என்று முடிவு கட்டுவார்.

மைக்கை உதட்டோரத்துக்கு மிக அருகில், ஏறக்குறைய தொடும் தூரத்தில் வையுங்கள். இந்த மைக்குகள் தொலைவிலிருந்து வரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டுபவை. இரண்டு விரல்கடை தள்ளி வைத்தால் உங்கள் குரலும் அந்த இரைச்சலோடு சேர்ந்து வெட்டுப்படும். மைக்குக்கு முன்புறம், பின்புறம் உண்டு. வாய்ப்பக்கம் இருக்கவேண்டிய முகத்தில் பெரும்பாலும் ஒரு புள்ளியோ எழுத்தோ இருக்கும். திருப்பி மாட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கும்.

3. மின்சாரம் தரும் வரிசை

முதலில் எஞ்சின், பிறகு ஏவியானிக்ஸ் மாஸ்டர் சுவிட்ச், அதாவது ரேடியோ முதலிய மின்னணுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் சுவிட்ச். எஞ்சினைச் சுழற்றும்போது ஸ்டார்ட்டர் பெரும் மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்னழுத்தம் சட்டென்று இறங்கி ஏறுகிறது. அந்தக் குலுக்கலை ரேடியோக்கள் தாங்கவேண்டிய அவசியமில்லை.

எஞ்சினுக்கு முன்பே ஏடிஐஎஸ் கேட்கவேண்டியிருந்தால் ஒரு ரேடியோவை மட்டும் பாட்டரியில் சிறிது நேரம் இயக்கலாம். கேட்டு முடித்ததும் அணைத்துவிட்டு எஞ்சினை இயக்குங்கள். அணைக்க மறப்பதுதான் இங்கே வழக்கமான தவறு.

4. ஒலியளவும் ஸ்குவெல்ச்சும்

ஒலியளவு மூன்று இடங்களில் இருக்கிறது: ஹெட்செட்டில், ரேடியோவில், காக்பிட்டுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமில். மூன்றையும் ஒரே நேரத்தில் திருகினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது. ஹெட்செட்டைக் கூடுதலாக வைத்துவிடுங்கள், அடுத்து ரேடியோ, கடைசியாக இன்டர்காம். இன்டர்காம் ரேடியோவை விடச் சற்று மெல்லியதாக இருப்பது நல்லது. பயணியின் அரட்டை கட்டுப்பாட்டாளரின் குரலை மூழ்கடிக்கக்கூடாது.

யாரும் பேசாத அலைவரிசையில் ரேடியோவின் ஒலியளவை எப்படி வைப்பது? இதற்கு ஸ்குவெல்ச் உதவும். ஸ்குவெல்ச் என்பது வலுவான சமிக்ஞை வராதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் கதவு. பல ரேடியோக்களில் ஒலிக் குமிழை இழுத்தாலோ அழுத்தினாலோ அந்தக் கதவு திறந்து 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். அது காதுக்கு இதமான அளவில் கேட்கும்படி ஒலியை வைத்துவிட்டுக் கதவை மூடிவிடுங்கள்.

இந்த ஒரு வினாடி வேலையைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் பிறகு, "ரொம்ப நேரமாக யாரும் பேசவில்லையே" என்று நிம்மதியாகப் பறந்துகொண்டிருப்பார்கள். அலைவரிசை அமைதியாக இருக்கிறதா, உங்கள் ஒலியளவு செத்துக்கிடக்கிறதா என்பதைப் பிரித்தறிய வேறு சுலபமான வழி கிடையாது.

தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் வெட்டி வெட்டிக் கேட்டால் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சலோடாவது சொற்கள் கிடைக்கும்.

5. ஆடியோ பேனல்: எதில் பேசுகிறோம், எதைக் கேட்கிறோம்

பேனலில் இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் தருகிறீர்கள். மைக் எந்த ரேடியோவுக்குப் போகிறது? எந்தெந்த ரேடியோக்களின் ஒலி காதுக்கு வருகிறது? மைக் ஒன்றுக்குத்தான் போகவேண்டும். காதுக்கு இரண்டும் வரலாம்.

வழக்கமான ஏற்பாடு: முதல் ரேடியோவில் கட்டுப்பாட்டாளர், இரண்டாவதில் ஏடிஐஎஸ், அது முடிந்ததும் அவசர அலைவரிசையான 121.5. எப்போதும் இதே ஏற்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கொரு விதமாக மாற்றினால், நெருக்கடியில் கை பழைய இடத்துக்குப் போகும்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். மாணவர் ஏடிஐஎஸ்ஸைக் கேட்க இரண்டாவது ரேடியோவின் பொத்தானை அழுத்துகிறார். அழுத்தியது கேட்கும் பொத்தான் அல்ல, மைக் பொத்தான். தகவலை எழுதிக்கொள்கிறார், டவரை அழைக்கிறார். பதில் இல்லை. மீண்டும் அழைக்கிறார், இம்முறை குரலை உயர்த்தி. இத்தனையும் பதிவு செய்த தகவல் ஓடிக்கொண்டிருக்கும் அலைவரிசையின் மேல் ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. டவருக்கு ஒரு சொல்லும் போகவில்லை.

பேச்சுப் பொத்தானை அழுத்தும்போது எந்த ரேடியோவின் முகப்பில் ஒலிபரப்பு விளக்கு எரிகிறது என்று ஓரக்கண்ணால் பார்க்கும் பழக்கம் இருந்தால் முதல் அழைப்பிலேயே இது பிடிபட்டிருக்கும். சில ரேடியோக்களில் இது சிறு விளக்கு, சிலவற்றில் திரையில் ஓர் எழுத்து. உங்கள் விமானத்தில் அது எங்கே என்று தரையிலேயே கண்டுபிடித்து வையுங்கள்.

6. அலைவரிசையை வைப்பது

இதுதான் மொத்த வேலையின் இதயம். அவசரப்படாமல் படியுங்கள்.

ரேடியோவின் முகப்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஆக்டிவ்: இப்போது பேசவும் கேட்கவும் பயன்படுவது. மற்றது ஸ்டாண்ட்பை: அடுத்ததற்காகக் காத்திருப்பது. குமிழ்கள் ஸ்டாண்ட்பையைத்தான் மாற்றும். மாற்றுப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் இடம் மாறும்.

வரிசை இது. எண்ணை எழுதுங்கள். வெளிக் குமிழால் புள்ளிக்கு முன்னுள்ள மூன்று இலக்கங்களை வையுங்கள். உள் குமிழால் புள்ளிக்குப் பின்னுள்ளதை வையுங்கள். திரையில் உள்ளதைத் தாளில் உள்ளதோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படியுங்கள். பிறகுதான் மாற்றுப் பொத்தான்.

வெளிக் குமிழ் முதலில் என்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ரேடியோக்களில் உள் குமிழைச் சுற்றிக்கொண்டே போனால் 975-ஐத் தாண்டி மறுபடி 000-க்கு வரும். முன்னுள்ள இலக்கங்கள் அசையாது. 124-லிருந்து 125-க்குப் போக உள் குமிழைச் சுற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிக் குமிழும் 136-க்கு அப்புறம் 118-க்குத் திரும்பிவிடும். 119-லிருந்து 135-க்குப் போக வலப்பக்கம் நெடுக வரவேண்டாம், இடப்பக்கம் சில சொடுக்குகளே போதும்.

மாற்றுப் பொத்தானை அழுத்தியவுடன் பழைய அலைவரிசை ஸ்டாண்ட்பைக்குப் போய் உட்கார்ந்திருக்கும். புதிய இடத்தில் உங்களுக்குப் பதில் கிடைக்கும்வரை அதைத் தொடாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விதியை மட்டும் கைக்கொள்வதாக இருந்தால் இதைக் கைக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் ஒரே அழுத்தலில் பழைய கட்டுப்பாட்டாளரிடம் திரும்பிவிடலாம். அவர் உங்களை அறிவார், சரியான எண்ணை மறுபடி தருவார். ஆனால் சுறுசுறுப்பானவர்கள் மாற்றிய கையோடு அடுத்தடுத்த அலைவரிசையை ஸ்டாண்ட்பையில் ஏற்றிவிடுவார்கள். பழைய எண் போயிற்று, புதியதில் பதிலும் இல்லை. இந்த விஷயத்தில் சுறுசுறுப்பு ஒரு குறைதான்.

இனி, எண்களிலேயே ஒளிந்திருக்கும் பொறிகள்.

பழைய ரேடியோக்கள் சில புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களையே காட்டும். 118.125 என்பது திரையில் 118.12 என்றுதான் தெரியும், 118.175 என்பது 118.17. கடைசி 5 எங்கே என்று தேடாதீர்கள், அது உள்ளேதான் இருக்கிறது. இன்னும் சில ரேடியோக்களில் உள் குமிழ் 50 கிலோஹெர்ட்ஸ் படிகளில் தாவும். 25-ஐப் பிடிக்கக் குமிழை வெளியே இழுத்துத் திருகவேண்டும். சுற்றிச் சுற்றி வந்தும் 118.12 வரவில்லையென்றால் குமிழை இழுத்துப் பாருங்கள்.

25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி மட்டும் புழங்கும் வான்வெளியில் எந்த அலைவரிசையின் கடைசி இரண்டு இலக்கங்களும் 00, 25, 50, 75 ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். ஐரோப்பாவில் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வந்தபிறகு இடையில் 05, 10, 15, 30, 35, 40 போன்ற முடிவுகளும் சேர்ந்தன. இவை அலைவரிசையின் உண்மையான அளவைக் காட்டுவதில்லை, தடத்தின் (சேனலின்) பெயர்கள் மட்டுமே. 118.010 என்று வைத்தால் ரேடியோ ஏறத்தாழ 118.0083 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. 118.000, 118.005 இரண்டும் ஒரே அளவைச் சுட்டினாலும் முதலாவது அகலமான தடம், இரண்டாவது குறுகிய தடம். "கிட்டத்தட்ட அதேதானே" என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை வைக்காதீர்கள்.

இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. 20, 45, 70, 95 என்று முடியும் தடப்பெயர்கள் எங்கும் கிடையாது. மூன்று இலக்கங்களையும் கேட்டு 132.420 என்று எழுதியிருந்தால் உங்கள் காது ஏமாந்திருக்கிறது. மறுபடி கேளுங்கள்.

தகவல்தொடர்பும் வழிகாட்டலும் ஒரே பெட்டியில் உள்ள கருவிகளில் இன்னொரு சிக்கல். ஒரே குமிழ் இரண்டுக்கும் வேலை செய்யும். எதற்கு என்பதை ஒரு சிறு கர்சர் தீர்மானிக்கும். 124 வைக்கப் போய்த் திரையில் 108, 109 என்று ஓடினால் கர்சர் வழிகாட்டல் பக்கம் நிற்கிறது. நிறுத்துங்கள், கர்சரை மாற்றுங்கள், பிறகு திருகுங்கள். தரையிறங்கும் வழிகாட்டிக்காக வைத்திருந்த எண்ணை இப்படித் தெரியாமல் கலைத்திருந்தால் அதையும் மீட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. குமிழைத் திருகும்போது பார்வையை வெட்டி வெட்டி எடுங்கள்: ஒரு கணம் ரேடியோ, ஒரு கணம் வெளியே. காற்று குலுக்கினால் உள்ளங்கையைப் பேனலில் ஊன்றிக்கொள்ளுங்கள். விமானத்தை ஓட்டுவது முதல் வேலை. எண் அரை நிமிடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது.

7. அழுத்துமுன் கேளுங்கள்

புதிய அலைவரிசைக்கு வந்தவுடன் பேசாதீர்கள். சில வினாடிகள் கேளுங்கள். யாராவது பேசிக்கொண்டிருக்கலாம். அதைவிட எளிதில் தவறுவது: கட்டுப்பாட்டாளர் ஒருவருக்குக் கட்டளை சொல்லி முடித்திருப்பார், அந்த விமானி பதில் சொல்ல மூச்சு இழுத்துக்கொண்டிருப்பார். அந்த இடைவெளி உங்களுக்கு அமைதியாகத் தோன்றும். அது உங்களுக்கான இடமில்லை, பதிலுக்குக் காத்திருங்கள்.

விமான ரேடியோ ஏஎம் பண்பேற்றத்தில் இயங்குகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் கேட்பவருக்கு ஒரு கிறீச்சொலிதான் மிஞ்சும், அல்லது ஒருவர் குரல் இன்னொருவரைச் சிதைக்கும். அழுத்திய இருவருக்கும் தங்கள் பேச்சு மறிக்கப்பட்டது தெரியவே தெரியாது. பேசும்போது ரேடியோ கேட்பதில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் 583 உயிர்களைப் பலிகொண்ட ஓடுபாதை மோதலில், டவர் சொன்ன "காத்திருங்கள்" என்ற செய்தியும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற மற்ற விமானத்தின் செய்தியும் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

8. பேசுவது

பேச்சுப் பொத்தானை அழுத்துங்கள், அரை வினாடி பொறுங்கள், பேசுங்கள், கடைசிச் சொல்லை முடித்தபின் விரலை எடுங்கள். அந்த அரை வினாடி இல்லையென்றால் முதல் சொல் வெட்டுப்படும். முதல் சொல்தான் நீங்கள் யாரை அழைக்கிறீர்கள் என்பது.

பேசும்போது உங்கள் குரலே உங்கள் காதில் கேட்கவேண்டும். பெரும்பாலான விமானங்களில் ஒலிபரப்பு நடக்கிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. கேட்கவில்லையென்றால் மைக் பிளக்கையும் ஆடியோ பேனலையும் பாருங்கள்.

முதல் அழைப்பின் உள்ளடக்கம் நான்கு: யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும். அழுத்துமுன் இவற்றை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பொத்தானை அழுத்திக்கொண்டு "ஆ... ம்ம்..." என்று யோசிக்கும் ஒவ்வொரு வினாடியும் அந்த அலைவரிசை வேறு யாருக்கும் இல்லை.

அழைப்புப் பெயரை, அதாவது ரேடியோவில் உங்கள் விமானத்தின் பெயரை, முதலில் முழுமையாகச் சொல்லுங்கள். ABCDE என்றால்: ஆல்ஃபா பிராவோ சார்லி டெல்டா எக்கோ. கட்டுப்பாட்டாளர் அதை "ஆல்ஃபா டெல்டா எக்கோ" என்று சுருக்கினால் நீங்களும் சுருக்கலாம். அவர் சுருக்குமுன் நீங்களாகச் சுருக்கக்கூடாது. அதே முடிவு கொண்ட இன்னொரு விமானம் அங்கே இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

அலைவரிசையை இலக்கம் இலக்கமாகச் சொல்லவேண்டும், புள்ளிக்கு 'டெசிமல்' என்று. அமெரிக்காவில் 'பாயின்ட்' என்பார்கள். சர்வதேச விதிப்படி ஆறு இலக்கங்களையும் சொல்லவேண்டும்; கடைசி இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மட்டும் முதல் நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம். 118.100 என்பது "ஒன் ஒன் எய்ட் டெசிமல் ஒன்". 118.025 என்பது "ஒன் ஒன் எய்ட் டெசிமல் ஜீரோ டூ ஃபைஃப்". ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. இரைச்சலில் 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் ஒன்றுபோல் கேட்கும்.

வேகம் நிமிடத்துக்கு 100 சொற்களைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. அனுபவசாலிகள் போலத் தெரியவேண்டும் என்று வேகமாகப் பேசுகிறவர்களுக்குக் கிடைப்பது, "திரும்பச் சொல்லுங்கள்" என்ற பதில்தான்.

9. அலைவரிசை மாற்றச் சொன்னால்

"ஆல்ஃபா டெல்டா எக்கோ, கான்டாக்ட் அப்ரோச் ஒன் டூ ஃபோர் டெசிமல் செவன் டூ ஃபைஃப்" என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கேட்கும்போதே எழுதுங்கள். எழுதியதைப் பார்த்துத் திருப்பிச் சொல்லுங்கள், கடைசியில் உங்கள் அழைப்புப் பெயருடன். திருப்பிச் சொன்னபின் ஒன்றிரண்டு வினாடி அதே அலைவரிசையில் இருங்கள்; எண் தவறென்றால் அவர் திருத்துவார். அதன்பிறகே குமிழ், ஒப்பீடு, மாற்றுப் பொத்தான், கேட்டல், அழைப்பு.

புதியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குவார்கள். காதில் விழும்போதே குமிழைத் திருகுவார்கள், மாற்றிவிடுவார்கள், பிறகு திருப்பிச் சொல்வார்கள். அந்தத் திருப்பிச் சொல்லல் புதிய அலைவரிசையில் இருக்கும் கட்டுப்பாட்டாளருக்குப் போகும். அவருக்கு ஒன்றும் புரியாது; பழையவர் பதிலுக்குக் காத்திருப்பார்.

எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 124.725 சில வினாடிகளில் 127.425 ஆகிவிடும். இரண்டும் செல்லுபடியாகும் எண்கள் என்பதால் ரேடியோ எதிர்ப்புத் தெரிவிக்காது.

'கான்டாக்ட்' என்றால் போய் அழையுங்கள். 'மானிட்டர்' என்றால் போய்க் கேட்டுக்கொண்டிருங்கள், அழைக்கவேண்டாம், அவர்களே அழைப்பார்கள். நெரிசலான இடத்தில் 'மானிட்டர்' என்று சொன்னபிறகும் அழைக்கிறவர் அந்த ஏற்பாட்டின் நோக்கத்தையே கெடுக்கிறார்.

10. பதில் இல்லையென்றால்

உடனே ரேடியோ செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். கைக்கு எட்டும் எளிய காரணங்களிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்குவெல்ச்சைத் திறந்து இரைச்சல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் ஒலிப்பாதை சரி. எண்ணைத் தாளோடு ஒப்பிடுங்கள். மைக் எந்த ரேடியோவில் இருக்கிறது, ஒலிபரப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிளக்குகளை அழுத்துங்கள். இத்தனைக்கும் பிறகு ஒருமுறை அழையுங்கள். இல்லையென்றால் மாற்றுப் பொத்தானை அழுத்திப் பழைய அலைவரிசைக்குத் திரும்புங்கள். அடுத்தது இரண்டாவது ரேடியோ, அடுத்த இருக்கையின் மைக். பல ஆடியோ பேனல்கள் தங்கள் மின்சாரத்தை அணைத்தாலும் விமானியின் ஹெட்செட்டை நேரடியாக முதல் ரேடியோவோடு இணைத்துவிடும். பேனலே பழுதென்று சந்தேகம் வந்தால் இது கைகொடுக்கும்.

உயரத்தையும் யோசியுங்கள். இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவு மறைத்தால் கிடைக்காது. உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கடல் மைல் என்று தோராயமாகத் தெரியும். 1,000 அடியில் சுமார் 39, 10,000 அடியில் சுமார் 123. இடையில் மலை இருந்தால் கணக்கு இன்னும் குறையும். 1,000 அடியில் 60 கடல் மைல் தள்ளியிருக்கும் டவரை அழைத்துவிட்டுப் பதிலில்லை என்று ரேடியோவைக் குறை சொல்லக்கூடாது.

எல்லாப் பேச்சும் திடீரென்று நின்றுபோனால் உங்கள் பேச்சுப் பொத்தானே சிக்கியிருக்கலாம். ஒலிபரப்பு விளக்கு தொடர்ந்து எரியும். பொத்தானைத் தட்டுங்கள், விடவில்லையென்றால் மைக் பிளக்கை உருவுங்கள். சிக்கிய ஒரு பொத்தான் அந்த அலைவரிசையில் உள்ள அனைவரையும் ஊமையாக்கும். காக்பிட்டுக்குள் நீங்கள் கட்டுப்பாட்டாளரைப் பற்றிச் சொன்னதையும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

எதுவும் பலிக்கவில்லையென்றால் டிரான்ஸ்பாண்டரில், அதாவது ரேடாருக்கு உங்கள் குறியீட்டைக் காட்டும் கருவியில், 7600 வையுங்கள். ரேடியோ இழப்புக்கான குறியீடு அது. கடத்தலுக்கான 7500-ஐயும் அவசரத்துக்கான 7700-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் கேட்காவிட்டாலும் உங்கள் குரல் போய்க்கொண்டிருக்கலாம். அதனால் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒலிபரப்பிக்கொண்டே இருங்கள். டவரிலிருந்து வரும் விளக்கைப் பாருங்கள். பறக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை என்றால் தரையிறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கவேண்டும்.

11. 121.5

இரண்டாவது ரேடியோ சும்மா இருக்கும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருங்கள். உங்களைத் தேடுகிறவர்கள் கடைசியாக இங்கேதான் அழைப்பார்கள். ரேடியோ சோதனைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

பல ரேடியோக்களில் மாற்றுப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் 121.500 தானாகவே ஆக்டிவுக்கு வந்துவிடும். அவசரத்தில் உதவும் வசதிதான். பொத்தானைக் கெட்டியாக அழுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கோ இது வம்பு; நினைத்தது டவர், போய்ச் சேர்ந்தது அவசர அலைவரிசை. பொத்தானைத் தட்டிவிட்டு விரலை எடுங்கள், திரையைப் பாருங்கள்.

12. தரையிறங்கிய பிறகு

ஓடுபாதையை விட்டு வெளியே வந்தவுடன் கை தானாகத் தரைக் கட்டுப்பாட்டுக்குப் போகும். டவர் சொல்லும்வரை டவரிலேயே இருங்கள். பின்னால் இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கலாம், உங்களுக்கு அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டியிருக்கலாம்.

நிறுத்துமிடத்துக்கு வந்து, தரைக் கட்டுப்பாட்டுடன் வேலை முடிந்தபின், எஞ்சினை அணைக்குமுன் 121.5-ஐ ஒருமுறை கேளுங்கள். தரையிறக்கம் கொஞ்சம் பலமாக இருந்திருந்தால் வாலில் உள்ள அவசர இடங்காட்டிக் கருவி தானாக இயங்கத் தொடங்கியிருக்கலாம். மேலிருந்து கீழே இறங்கி இறங்கி ஒலிக்கும் ஊளை கேட்டால் அது உங்களுடையதாக இருக்க வாய்ப்புண்டு. கருவியின் சுவிட்சை மீட்டமைத்து, ஊளை நிற்கிறதா என்று கேட்டு, கட்டுப்பாட்டாளருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தேடும் குழு கிளம்பிவிடும்.

ஒன்றும் கேட்கவில்லையென்றால் ஏவியானிக்ஸ் மாஸ்டரை அணையுங்கள், பிறகு எஞ்சின். தாளை எறியுமுன், வலப்பக்கக் காலி இடங்களில் எழுதிய எண்களைப் பாருங்கள். கட்டுப்பாட்டாளர் உங்களுக்குக் கொடுத்த மாற்று அலைவரிசைகள் அவை. அடுத்தமுறை அதே வழியில் போகும்போது நடப்பு வெளியீட்டோடு ஒத்துப்பார்த்துத் தாளில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம்.